அம்மீட்டர் இருந்த இடம்

ரொறன்ரோவில் மோட்டார் சைக்கிளுக்கு ஆண்டில் ஆறேழு மாதம்தான் தெரு. நவம்பரில் போர்த்துக் கட்டிய வண்டியை ஏப்ரலில் வெளியே உருட்டி, சாவியைத் திருப்பி, ஸ்டார்ட்டர் பட்டனை அழுத்தினால் பல வண்டிகள் 'டிக்' என்ற ஒரு சத்தத்தோடு அடங்கிவிடும். ஸ்காபரோவின் மேற்கோரத்தில், விக்டோரியா பார்க் அவெனியூவுக்குக் கிழக்கே லோறன்ஸ் அவெனியூவின் இரு பக்கமும் பரந்து கிடக்கும் வெக்ஸ்போர்டில் யாரைக் கேட்டாலும் அதற்குக் கிடைக்கும் விளக்கம் ஒன்றுதான்: குளிர் பற்றரியைத் தின்றுவிட்டது. புதுப் பற்றரி வாங்கிப் பூட்டுகிறார்கள், வண்டி ஓடுகிறது. ஜூன் மாத வெயிலில், சிவப்பு விளக்குக்கு நின்ற அதே வண்டி மறுபடி கிளம்ப மறுக்கும்போதுதான் பற்றரிக்குச் சார்ஜே ஏறவில்லை என்பது வெளிப்படுகிறது. அடுத்து சார்ஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் மாற்றப்படுகிறது. சில வேளைகளில் அதுவும் சில மாதங்களில் எரிந்துபோகிறது. இந்தக் கோளாறைப் பற்றிப் பேசுகிறவர்கள் வழக்கமாக ஒரு புலம்பலில் வந்து நிற்பார்கள்: முன்பு ரெகுலேட்டரைத் திறந்து திருத்தலாம், இன்று பசை ஊற்றி மூடிய பெட்டி, கழற்றி எறிவதைத் தவிர வழியில்லை. அந்தப் புலம்பலை நான் ஏற்கவில்லை. பெட்டி மூடப்பட்டது இழப்பே அல்ல. ஹெட்லைட்டின் தலையில் இருந்த அம்மீட்டர் காணாமற் போனதுதான் இந்தத் தொழிலின் வரலாற்றில் நடந்த உண்மையான இழப்பு. ஓட்டுபவர் தன் வண்டியின் சார்ஜைக் கண்ணால் காணும் உரிமை அதோடு போயிற்று.

பழைய ஏற்பாட்டிலிருந்து தொடங்கினால்தான் இது விளங்கும். இரண்டாம் உலகப் போருக்கு முன்னும் பின்னும் ஓடிய பிரித்தானிய வண்டிகளில் நேரோட்டம் தரும் சிறு டைனமோ இருந்தது. பர்மிங்காமின் லூக்காஸ் நிறுவனம் செய்த ஈ3எல் என்ற டைனமோ 6 வோல்ட்டில் 60 வாட் தரும். இன்றைய வண்டியின் எச்4 ஹெலஜன் விளக்கு ஒன்று மட்டுமே 55 அல்லது 60 வாட் குடிக்கிறது என்பதை நினைத்துப் பார்த்தால், அந்தக் காலத்து முழு மின்நிலையமும் எவ்வளவு சிறியது என்று தெரியும். அந்த டைனமோவை ஆண்டது ஒரு சிறு பெட்டி. உள்ளே இரண்டு சுருள்கள், இரண்டு சோடித் தொடுமுனைகள். ஒன்று கட்டவுட்: எஞ்சின் மெதுவாக ஓடும்போது பற்றரியின் மின்சாரம் டைனமோவுக்குள் திரும்பிப் பாயாமல் துண்டித்து வைக்கும். மற்றது வோல்ட்டேஜைப் பிடித்து வைக்கும் ரெகுலேட்டர்: தொடுமுனை நொடிக்குப் பலமுறை அதிர்ந்து திறந்து மூடி, டைனமோவின் காந்தச் சுருளுக்குப் போகும் மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைக்கும். மெக்கானிக் மூடியைக் கழற்றுவார், முனைகளை மெல்லிய தாளால் தேய்ப்பார், இடைவெளியை அளப்பார், ஒரு ஸ்குரூவை அரைச் சுற்றுத் திருப்புவார். இதைத்தான் பொற்காலம் என்கிறார்கள். ஆனால் அந்த ஸ்குரூவை எந்தப் பக்கம் திருப்புவது என்று அவருக்கு எது சொன்னது? ஹெட்லைட்டுக்கு மேலே இருந்த அம்மீட்டர். மூடி கழற்ற முடிந்ததால் மட்டும் அந்தத் தொழில் வாழவில்லை. கழற்றுவதற்கு முன்பே கோளாறு கண்ணுக்குத் தெரிந்ததால் வாழ்ந்தது.

தமிழர் கைக்கு இந்தக் கல்வி பெருமளவில் வந்து சேர்ந்த இடம் சென்னையின் வடக்கே திருவொற்றியூர். 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் பிரித்தானிய ராயல் என்ஃபீல்டுடன் சேர்ந்து என்ஃபீல்ட் இந்தியாவைத் தொடங்கியது. 1960களின் தொடக்கத்தில் அதன் புல்லட் வண்டியின் உதிரிப்பாகங்கள் அங்கேயே செய்யப்பட்டன. 1961இல் சென்னையின் பாடியில் லூக்காஸ்-டிவிஎஸ் வந்தது. டைனமோவும் ஸ்டார்ட்டரும் அங்கேயே தயாராயின. அதே 1961இல் மைசூரில் ஐடியல் ஜாவா தன் வண்டிகளை வெளியிடத் தொடங்கியது. அந்த 6 வோல்ட் ஜாவாவில் டைனமோவும் அதிரும் தொடுமுனை ரெகுலேட்டரும் இருந்தன. புல்லட்டின் ஹெட்லைட் மகுடத்தில், வேகமானிக்குப் பக்கத்தில், ஒரு சிறு வட்ட முகப்பில் நடுவே பூச்சியம், ஒருபுறம் கழித்தல், மறுபுறம் கூட்டல். எஞ்சினை உதைத்து எழுப்பியதும் முள் கூட்டல் பக்கம் சாயும். பற்றரி முன்பு கொடுத்த கடன் திரும்ப அடைகிறது என்று பொருள். சற்று ஓடியபின் நடுவுக்கு வந்து நிற்கும். இரவில் விளக்கைப் போட்டு, எஞ்சினைத் தாழ விட்டால் கழித்தலுக்குப் போய் நடுங்கும். ஆக்சிலேட்டரைத் திருக மறுபடி ஏறும். திருகியும் ஏறாவிட்டால் டைனமோவோ வயரோ ரெகுலேட்டரோ சரியில்லை. நெடுநேரம் ஓடியும் கூட்டல் பக்கத்திலேயே கிடந்தால் பற்றரி கொதித்துக்கொண்டிருக்கிறது. எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியாத ஒருவரும் இந்த முள்ளை வாசித்தார். வண்டி நிற்பதற்குப் பல நாட்களுக்கு முன்பே அவர் எலக்ட்ரீஷியனிடம் போய் "சார்ஜ் இறங்குது" என்றார். நோயாளி தானே நோயின் பெயரைச் சொல்லிக்கொண்டு வருவது எந்தத் தொழிலுக்கும் பெரிய கொடை.

இனிப் பெட்டி எப்படி மூடப்பட்டது என்பதற்கு வரலாம். டைனமோவில் கரித்துண்டுகள் தேயும், கம்யூட்டேட்டர் கறுக்கும். அதற்குப் பதிலாக நிலைக்காந்த ஆல்டர்னேட்டர் வந்தது: காந்தம் சுழலும், கம்பிச் சுருளான ஸ்டேட்டர் அசையாமல் நிற்கும், தேய எதுவுமில்லை. ஆனால் இதில் ஒரு சிக்கல். டைனமோவில் காந்தச் சுருளின் மின்னோட்டத்தைக் குறைத்தால் உற்பத்தி குறையும். நிலைக்காந்தத்தை அப்படிக் குறைக்க முடியாது. எஞ்சின் வேகமெடுக்க எடுக்க மின்சாரம் ஏறிக்கொண்டே போகும். மிஞ்சியதை எங்காவது கொட்டித்தான் ஆகவேண்டும். 1960களின் நடுப்பகுதியில் 12 வோல்ட்டுக்கு மாறிய ட்ரையம்ப், பிஎஸ்ஏ வண்டிகளில் லூக்காஸ் ஒரு செனர் டயோடைப் பூட்டி, மிகையைச் சூடாக்கிக் காற்றில் விட்டது; அதற்காக அந்த டயோடை ஒரு பெரிய அலுமினியத் துண்டில் இறுக்கினார்கள். 1957இல் ஜெனரல் எலக்ட்ரிக் அறிமுகப்படுத்திய தைரிஸ்டர் பின்னர் இந்த வேலையை ஏற்றது. மின்னழுத்தம் 14 வோல்ட்டுக்குச் சற்று மேலே போனால் அது ஸ்டேட்டரின் வயர்களை ஒன்றோடொன்று இணைத்துவிடும், தாழ்ந்தால் விட்டுவிடும். இதைச் செய்யும் நுண் பாகங்கள் அதிர்விலும் மழையிலும் தாங்கவேண்டுமானால் எபொக்சி பசையில் புதைக்கவேண்டும். இங்கே திருத்துவதற்கு ஸ்குரூ ஏதுமில்லை என்பது உண்மை; திருத்தத் தேவையும் இல்லை. 1984இல் ஒசூரில் ஜப்பானின் கொகுசன் டெங்கி நிறுவனத்துடன் இந்தியா நிப்பான் எலெக்ட்ரிக்கல்ஸ் தொடங்கப்பட்டதும், இண்ட்-சுசுகி, ஹீரோ ஹொண்டா, யமஹா ஆர்எக்ஸ் 100 என 1980களின் நடுவில் அடுத்தடுத்து ஜப்பானிய வடிவங்கள் வந்ததும் இந்த மூடிய பெட்டியைத் தமிழ்நாட்டின் ஒவ்வொரு சந்திக்கும் கொண்டுவந்தன. அதே வண்டிகளில்தான் அம்மீட்டரும் இல்லை. புல்லட் மட்டும் அதை மற்றவற்றைவிட நெடுங்காலம் பிடித்துக்கொண்டிருந்தது. இரண்டு மாற்றங்களும் ஒன்றாக வந்ததால் ஒன்றின் பழி மற்றதன் மேல் விழுந்திருக்கிறது.

அம்மீட்டரை எடுத்ததற்குத் தக்க காரணம் இருந்தது என்பார்கள், அது பொய்யுமல்ல. பற்றரிக்குப் போகும் வரும் மின்னோட்டம் முழுவதும் அந்தச் சிறு கருவிக்குள்ளால்தான் ஓடவேண்டும். ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினின் அதிர்வில் அதன் உள்முனை தளர்ந்தால் நடு இரவில் வண்டியின் விளக்கு முழுவதும் அணையும். 60 வாட் ஓடிய வண்டிக்குப் பொருந்திய அதே கருவியில் 300, 400 வாட்டை ஓடவிட்டால் தடித்த வயரை ஹெட்லைட் வரை இழுத்துத் திருப்பவேண்டும்; ஒவ்வொரு வளைவும் ஓர் ஆபத்து. ஆகவே அம்மீட்டரை எடுத்தது சரி. ஆனால் அதன் இடத்தில் வோல்ட்மீட்டர் ஒன்றை வைத்திருக்கலாம். வோல்ட்மீட்டர் பற்றரியின் இரு முனைகளுக்கும் இடையே பக்கவாட்டில் நிற்பது. அதனுள் ஓடுவது மிகச் சொற்பம். அது செத்தாலும் வண்டி ஓடும். பெரும்பாலான தயாரிப்பாளர்கள் அதை வைக்கவில்லை. காட்டும் வேலையைச் செய்த பாகத்தை எடுத்தார்கள், காட்டும் வேலையையும் சேர்த்தே எடுத்துவிட்டார்கள். இந்த இரண்டாவது எடுப்புக்குத்தான் எந்தத் தொழில்நுட்ப நியாயமும் இல்லை.

கண்ணால் காண்பது எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்பதற்கு நம்மவர் வரலாற்றிலேயே கடுமையான ஒரு சான்று இருக்கிறது. 1990 ஜூனில் போர் மறுபடி மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பெற்றோலும் பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருட்களின் பட்டியலில் இருந்தன. மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின: சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினை எழுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். ஹொண்டா சி 50, சி 70 போன்ற சிறு வண்டிகளுக்கு அங்கே ஒரு தனி மதிப்பு இருந்தது; அவற்றின் தீப்பொறி ப்ளைவீல் மக்னீட்டோவிலிருந்து நேரே வருவது, பற்றரி செத்தாலும் எஞ்சின் சாகாது. அந்த வகை வண்டிகளில் முன்விளக்குக்குப் போவதும் கட்டுப்படுத்தப்படாத ஆடலோட்டமே. எரியும் விளக்குகளின் சுமைதான் மின்னழுத்தத்தைப் பிடித்து வைக்கிறது. முன்விளக்கு எரிந்து அறுந்தால் அடுத்த கணமே மிகை முழுவதும் பின்விளக்கில் ஏறி அதையும் அறுத்துவிடும். ஆகவே பின்விளக்கு ஏன் போயிற்று என்று கேட்டால், முன்விளக்கைப் பார் என்பதுதான் சரியான விடை. வீடுகளிலோ, வானொலிச் செய்தி கேட்கச் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதிகட்டையைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து மின்சாரம் எடுத்தார்கள். டைனமோ தருவது ஆடலோட்டம், வானொலி கேட்பது நேரோட்டம், இடையில் டயோட் வேண்டும் என்பது அந்த நாட்களில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த சங்கதி. சுற்றுகிறவர் தளர்ந்தால் குரல் இறங்கும், வேகம் கூடினால் கருவிக்கு ஆபத்து. அங்கே ரெகுலேட்டர் சுற்றுகிறவரின் கை. மீட்டர் பக்கத்தில் இருப்பவரின் காது.

இதைப் போர்க்கால நெருக்கடி, இதில் தொழில் வரலாறு எங்கே என்று தள்ளிவிடுவது எளிது. நெருக்கடியை நான் கொண்டாடவில்லை. பற்றரி கிடைக்காத வாழ்வில் பெருமைப்பட எதுவுமில்லை, அங்கே மருந்தும் கிடைக்கவில்லை. நான் சொல்வது அந்த அறிவின் தன்மையைப் பற்றி. பாகம் கிடைக்காத இடத்தில் மெக்கானிக்கின் நேரத்துக்கு விலை குறைவு, பாகமோ எந்த விலைக்கும் கிடைக்காது. எனவே கோளாறு எங்கே தொடங்கியது என்று கடைசி வரை தேடினார்கள். வெக்ஸ்போர்டில் இந்தத் தராசு அப்படியே தலைகீழ். பாகத்தை இன்று சொன்னால் நாளையோ மறுநாளோ வாசலுக்கு வரும். மெக்கானிக்கின் ஒரு மணி நேரம்தான் விலை. ஒன்ராறியோவில் மோட்டார் சைக்கிள் திருத்துவது சான்றிதழ் கட்டாயமான தொழில். பயிற்சிக்காலம், வகுப்பு, தேர்வு எல்லாம் தாண்டித்தான் ஒருவர் அதைச் செய்யலாம். 1983க்குப் பின் இலங்கையிலிருந்து இங்கே வந்து குவிந்த தமிழர்களில் கைத்தொழில் தெரிந்தவர்கள் பலர் எக்லின்டன் அவெனியூவின் 'கோல்டன் மைல்' போன்ற தொழிற்பட்டைகளில் வேலை தேடினார்கள். வாகனம் திருத்துவதை எடுத்தவர்களும் பெரும்பாலும் கார்ப் பக்கமே போனார்கள், ஆண்டு முழுவதும் வேலை இருப்பது அங்கேதான். காரின் ஆல்டர்னேட்டர் வேறு வகை: அதில் காந்தம் ஒரு சுருள், அதன் மின்னோட்டத்தைக் குறைத்தால் உற்பத்தி குறைந்துவிடும், மிகை என்ற பேச்சே இல்லை. காரில் பழகிய கண்ணோடு மோட்டார் சைக்கிளைப் பார்த்தால் ரெகுலேட்டர் ஏன் தொட முடியாத சூட்டில் இருக்கிறது என்பதே புதிராகும். விலை உயர்ந்த மணிநேரம், எளிதில் வரும் பாகம், வேறு வகையில் பழகிய கண்: இவை மூன்றும் சேரும் இடத்தில் சோதிப்பதைவிட மாற்றுவதே நியாயமாகத் தோன்றுகிறது.

தோன்றுகிறதே தவிர, கணக்கு அப்படி வரவில்லை. ரெகுலேட்டர் எரிவதற்கு ரெகுலேட்டரே காரணம் என்பது பாதி வேளைக்கு மேல் பொருந்தாத ஊகம் என்பது என் மதிப்பீடு. இருக்கைக்கு அடியிலோ பக்கக் கவசத்துக்குள்ளோ கையை விட்டு, ஸ்டேட்டரிலிருந்து வரும் மூன்று மஞ்சள் வயர்கள் ரெகுலேட்டரைச் சந்திக்கும் கனெக்டரை வெளியே எடுத்துப் பார்க்கவேண்டும். வெள்ளைப் பிளாஸ்டிக் ஒரு மூலையில் தேநீர் நிறத்துக்கு மாறியிருக்கும். உள்ளே ஒரு முனையில் செம்பின் மினுக்கம் போய்க் கறுத்திருக்கும். வயரின் தோல் விறைத்து, வளைத்தால் ஒடியும். கணக்கு எளிது: அந்த முனையில் துரு ஏறி 0.1 ஓம் தடை உண்டாகி, அதனூடே 20 அம்பியர் ஓடினால் 2 வோல்ட் அங்கேயே தொலைகிறது, 40 வாட் அங்கேயே சூடாகிறது. ஈயம் பற்றவைக்கும் ஒரு சாதாரணக் கோலின் சூடு அது. பிளாஸ்டிக் உருகி, தடை இன்னும் கூடி, சூடு இன்னும் ஏறும். குளிர்காலத்தில் தெருவில் கொட்டும் உப்பு, ஏப்ரல் மழைநீரில் கரைந்து தெறித்து இந்த முனைகளுக்குள் புகுவது ரொறன்ரோவுக்கே உரிய கேடு. இந்தக் கனெக்டரை அப்படியே விட்டுப் புது ரெகுலேட்டரைப் பூட்டினால் புதியதும் அதே சூட்டில் வேகும். ஸ்டேட்டரின் எனாமல் எரிந்து ஒரு சுருள் எஞ்சின் உடம்போடு தொட்டுவிட்ட வண்டியில் எத்தனை ரெகுலேட்டர் மாற்றினாலும் பயனில்லை. இதையெல்லாம் கண்டுபிடிக்க ஒரு மல்டிமீட்டரும் சிறிது நேரமும் போதும்: ஓய்ந்திருக்கும் பற்றரியில் 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல், எஞ்சினை 4,000 அல்லது 5,000 சுற்றில் பிடித்தால் 13.5க்கும் 14.5க்கும் இடையில் நிற்கவேண்டும். 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் மிகையைக் கொட்டவில்லை. ஏறவே இல்லையென்றால் மஞ்சள் வயர்களைக் கழற்றி, ஒவ்வொரு சோடியிலும் ஆடலோட்ட வோல்ட் சமமாக வருகிறதா, எந்த வயராவது எஞ்சின் உடம்போடு தொடர்பு காட்டுகிறதா என்று பார்க்கவேண்டும். மூன்றும் சமம், தொடர்பு இல்லை, கனெக்டரும் எர்த்தும் சுத்தம் என்று ஆனபின்தான் ரெகுலேட்டர் மேல் கைவைப்பது முறை. அப்போது அதை மாற்றுவது இரண்டு போல்ட், ஒரு கனெக்டர், வெப்பம் கடத்தும் பசை கொஞ்சம், காற்றுப் படும் இடம், அவ்வளவுதான். மூடிய பெட்டி இந்த வேலையைக் கடினமாக்கவில்லை, எளிதாக்கியிருக்கிறது.

இன்னொரு மறுப்பு உண்டு, அதுதான் வலுவானது: இன்றைய வண்டிகள் பழையவற்றைவிடப் பலமடங்கு நம்பத்தக்கவை, நூற்றில் ஒருவருக்கு வரும் கோளாறுக்காக எல்லோர் முன்னாலும் ஒரு மீட்டரை ஏன் வைக்கவேண்டும்? நம்பத்தக்கவை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் சார்ஜ் கோளாறு மற்றக் கோளாறுகளைப்போல் வந்து நிற்பதில்லை. பிரேக் தேய்ந்தால் சத்தம் வரும், சங்கிலி தளர்ந்தால் தட்டும். சார்ஜ் இறங்குவது ஓசையில்லாமல் நடக்கிறது. பழைய வண்டி மங்கிய விளக்கால் எச்சரித்தது, இன்றைய எரிபொருள் ஊசி வண்டி கடைசி நிமிடம் வரை ஒழுங்காக ஓடிவிட்டு, பம்பையும் கணினியையும் தாங்க முடியாத வோல்ட்டில் ஒரேயடியாக நின்றுவிடும். அது நெடுஞ்சாலை 401இன் நடு லேனாகவும் இருக்கலாம். மேலும் இங்கே குளிர்காலம் ஒரு பொய்ச் சாட்சி. முழுச் சார்ஜில் இருக்கும் ஈய-அமிலப் பற்றரி ரொறன்ரோவின் எந்தக் குளிரிலும் உறையாது. சார்ஜ் இறங்கியது ஒரு சாதாரண ஜனவரி இரவிலேயே உறைந்து வெடிக்கும். அதாவது ஒக்டோபரிலேயே சார்ஜ் சரியாக ஏறாத வண்டிதான் ஏப்ரலில் செத்த பற்றரியோடு எழுகிறது, பழியோ குளிர் மேல் விழுகிறது. முகப்பில் ஒரு வோல்ட் எண் இருந்திருந்தால் ஒக்டோபரிலேயே, எஞ்சின் ஓடும்போதே, அது 12.4 என்று சொல்லியிருக்கும்.

சுமையும் கூடிக்கொண்டே வந்திருக்கிறது. ஒன்ராறியோவில் மோட்டார் சைக்கிளின் விளக்கு பகலிலும் எரியவேண்டும் என்பது சட்டம். இந்தியாவிலும் 2017 ஏப்ரலிலிருந்து புதிய இருசக்கர வண்டிகளில் எஞ்சின் ஓடும்போது விளக்கும் தானே எரிகிறது. அதன்மேல் இங்கே சூடாகும் கைப்பிடி, சூடாகும் மேற்சட்டை, கைபேசிக்குச் சார்ஜ். விளக்கை எல்ஈடிக்கு மாற்றினால் சுமை குறையுமே என்பார்கள். குறுக்கிணைத்துக் கொட்டும் வகை ரெகுலேட்டரில் ஸ்டேட்டர் எப்போதும் முழு மின்னோட்டத்தில்தான் வேகிறது. விளக்கு குடிக்காததையும் சேர்த்து ரெகுலேட்டர் கொட்டவேண்டியிருக்கும், அது இன்னும் சூடாகும். மிகையைக் கொட்டாமல் இடையிலேயே துண்டித்து நிறுத்தும் தொடர் வகை ரெகுலேட்டரை ஷிண்டெங்கென் போன்ற ஜப்பானிய நிறுவனங்கள் செய்கின்றன. பழைய வண்டிகளிலும் அதைப் பூட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், ஸ்டேட்டருக்கு அது நல்ல ஓய்வு. லித்தியம் பற்றரி போடுகிறவர்களுக்கோ மிகை வோல்ட்டின் ஆபத்து ஈய-அமிலத்தைவிடக் கூர்மையானது. இந்த ஒவ்வொரு மாற்றமும் பார்க்கும் தேவையைக் கூட்டுகிறதே அன்றிக் குறைக்கவில்லை.

எரிபொருள் ஊசி வண்டியின் கணினி பற்றரியின் வோல்ட்டை ஓயாமல் அளந்துகொண்டுதான் இருக்கிறது. அளக்காவிட்டால் ஊசி திறக்க எவ்வளவு தாமதமாகும் என்று அதற்குத் தெரியாது, கலவை பிசகும். முகப்பில் இன்று திரை இருக்கிறது. நேரம், வெப்பம், சராசரி எரிபொருள், அடுத்த சேவைக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதெல்லாம் அதில் ஓடுகிறது. சில பெரிய பயண வண்டிகள் வோல்ட்டையும் காட்டுகின்றன. மற்றவற்றில் அந்த எண் கணினிக்குள் பிறந்து கணினிக்குள்ளேயே மறைகிறது. அதைத் திரைக்குக் கொண்டுவர ஒரு வயர்கூட வேண்டியதில்லை, சில வரி நிரல் போதும். 1955இல் திருவொற்றியூர் தொழிலாளி ஒவ்வொரு புல்லட்டின் தலையிலும் கையால் பூட்டி அனுப்பியதைவிட அது மிகச் சிறிய வேலை. அதுவரை, பற்றரி முனையிலிருந்து ஃபியூஸ் ஒன்றின் வழியே, சாவி திருப்பினால் மட்டும் எரியும்படி ஒரு சிறு வோல்ட்மீட்டரைக் கைப்பிடியில் பூட்டிக்கொள்வது ஓட்டுபவர் தானே செய்யக்கூடியது. அது அளக்கவேண்டியது பற்றரி முனைகளின் வோல்ட்டை. ஹெட்லைட் வயரில் கொளுவினால் வழியில் தொலைந்த வோல்ட்டையும் கழித்துக் காட்டி, இல்லாத கோளாறைச் சொல்லும்.